முதல் வருடத்துக்கும் இரண்டாம் வருடத்துக்கும் நடுவில் வரும் அந்த லீவு

இன்ஜினியரிங் முதல் வருடம் முடித்துவிட்டு லீவில் வீட்டுக்கு வந்திருப்பவர்களுக்காக, அதிலும் தமிழ் மீடியத்தில் படித்து ஒன்றிரண்டு அரியரோடு (பாஸாகாமல் மறுபடி எழுத வேண்டிய பேப்பரோடு) வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த லீவில் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் 8,000 ரூபாயும் பாதி லீவும் மிச்சமாகியிருக்கும், ராத்திரி ராத்திரியாக அழுததும் குறைந்திருக்கும். எங்கள் குடும்பத்தில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான்தான், அதனால் வீட்டில் இதைப் பற்றிக் கேட்க யாரும் இல்லை. கேட்க ஆள் இல்லாதவர்கள் யாராவது படித்துப் பயன்பட்டால் போதும்.

என் ஊர் ஆரணி பக்கம். அப்பா பட்டுத் தறி நெய்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிதான், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்தது, கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டிவிட்டது. அது போக புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என் கணக்கில் வரும். அதைத் தொடாமல் லேப்டாப்புக்கு என்று சேர்த்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ கணக்கில் நல்ல மார்க். அதனால் முதல் செமஸ்டர் ரிசல்ட்டில் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸும் இன்ஜினியரிங் பிசிக்ஸும் போயிருந்தபோது முதலில் நம்பவே இல்லை, வேறு யாருடைய நம்பரையோ போட்டுவிட்டோம் என்று நினைத்துத் திரும்பவும் அடித்துப் பார்த்தேன். வீட்டில் சொல்லவில்லை. "எல்லாம் பாஸா பாப்பா?" என்று அப்பா போனில் கேட்டபோது "இன்னும் வரலப்பா" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டாவது செமஸ்டர் தேர்வோடு அரியரையும் சேர்த்து எழுதினேன். பிசிக்ஸ் வந்துவிட்டது. கணக்கு வரவில்லை என்பது ஹாலை விட்டு வெளியே வரும்போதே தெரிந்துவிட்டது. சர்க்யூட் அனாலிசிஸும் சந்தேகம்தான். இத்தனைக்கும் நான் படிக்காமல் இல்லை. ஹாஸ்டலில் கடைசியாக லைட் அணைக்கிற ஆள் நான்தான், அது எல்லோருக்கும் தெரியும். சீனியர் நோட்ஸ், ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் இம்பார்டன்ட் கொஸ்டின் கட்டு, யூடியூப் வீடியோ என்று எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படிப்பேன். பிளஸ் டூ வரை புக் பேக் கேள்விகளை வரி விடாமல் படித்தால் மார்க் வந்தது. அந்தப் பழக்கத்தையே இங்கேயும் இன்னும் கடுமையாகச் செய்தேன், அவ்வளவுதான். இங்கே ஒரே பாடப்புத்தகம் என்று ஒன்று கிடையாது, ஐந்து யூனிட்டுக்கு சிலபஸ் மட்டும்தான் இருக்கும், அதிலிருந்து எந்த எண்ணை மாற்றிப் போட்டும் கேட்கலாம். படிக்கிற முறையே மாற வேண்டும் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு பீரியடும் கிடையாது.

லீவு விட்ட முதல் வாரத்திலேயே வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு விளம்பரம் வந்தது. வேலூரில் ஒரு கோச்சிங் சென்டர், கணக்கு அரியருக்கு கிராஷ் கோர்ஸ், கட்டாயம் பாஸ், கட்டணம் 8,000. எட்டு மாதப் புதுமைப் பெண் பணம் அது. போனில் பேசியவர் "லேட் பண்ணினா சீட் இருக்காதும்மா" என்றார், பயத்தில் அன்றைக்கே ஜிபே செய்துவிட்டேன். காலையில் கண்ணமங்கலம் வழியாக வேலூர் பஸ், இரண்டு மணி நேர வகுப்பு, திரும்பி வரும்போது மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டியிருக்கும். டவுன் பஸ்ஸில்தான் பெண்களுக்கு இலவசம், இந்தப் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும், அது தனிச் செலவு. ஹாலில் பல கல்லூரிப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். சார் புரொஜெக்டரில் கணக்குகளை மளமளவென்று போட்டுக்கொண்டே போவார், நாங்கள் காப்பி செய்துகொள்வோம். பார்க்கும்போது எல்லாம் புரிகிற மாதிரிதான் இருக்கும். வீட்டுக்கு வந்து அதே கணக்கை வெள்ளைத் தாளில் போட உட்கார்ந்தால் இரண்டாவது ஸ்டெப்பில் நின்றுவிடும். நாங்கள் போட்ட ஒரு கணக்கைக்கூட அங்கே யாரும் வாங்கித் திருத்திப் பார்க்கவில்லை. அவர்கள் கொடுத்த மெட்டீரியலும் எங்கள் சீனியர் குரூப்பில் சும்மா கிடைக்கிற அதே பிடிஎஃப். நிறுத்திக்கொள்கிறேன், பாதிப் பணமாவது கொடுங்கள் என்று கேட்டேன். திருப்பித் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள், ரசீதும் இல்லை. அந்தப் பணத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கோச்சிங் எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்லபடியாகச் சொல்லித்தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டும் முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள். என் பழைய விடைத்தாளைப் பார்ப்பீர்களா, வாரத்துக்கு ஒரு முறையாவது டெஸ்ட் வைத்துத் திருத்திக் கொடுப்பீர்களா, ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கட்டலாமா. மூன்றுக்கும் இல்லை என்றால் அந்த இடம் வேண்டாம். கட்டினால் ரசீது வாங்காமல் வராதீர்கள், திருப்பித் தரும் விதி என்ன என்பதை மெசேஜிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சீட் இருக்காது என்று அவசரப்படுத்தினால் அன்றைக்குக் கட்டவே கட்டாதீர்கள்.

லீவு நடுவில் ரிசல்ட் வந்தது. கணக்கில் மறுபடியும் அரியர், சர்க்யூட் அனாலிசிஸிலும் அரியர். இந்த முறை வீட்டில் சொல்லிவிட்டேன், அதற்கு மேல் அடக்கி வைக்க முடியவில்லை. அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார், ஒன்றும் திட்டவில்லை. "இழை அறுந்தா அது எங்க அறுந்துச்சுன்னு பாத்து முடிச்சுப் போட்டுட்டுத்தான் மேல நெய்யணும் பாப்பா, பாக்காம நெய்ஞ்சுட்டே போனா சேலை முழுக்க ஓட்டை வரும்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அது எனக்கு ஆறுதல் வார்த்தையாகத்தான் பட்டது. அதே வாரம் எங்கள் துறை சீனியர் அக்கா ஒருவர் போன் செய்து, விடைத்தாள் நகல் வாங்கிப் பார், ஒரு பேப்பருக்கு 300 ரூபாய், தேதி முடிவதற்குள் காலேஜில் சொல்லி விண்ணப்பி என்றார். அவ்வளவு செலவு செய்த பிறகு இன்னொரு 300 வேண்டுமா என்று யோசித்துவிட்டுத்தான் கணக்குப் பேப்பருக்குக் கட்டினேன். அந்த வருடம் படிப்புக்கென்று நான் கொடுத்த பணத்திலேயே உருப்படியாகப் போனது அந்த 300 தான்.

நகல் வந்து அதைத் திறக்கவே இரண்டு நாள் தைரியம் வரவில்லை. சிவப்பு இங்க்கில் நம் கையெழுத்துக்கு மேலே விழுந்த கோடுகளைப் பார்ப்பது அத்தனை கஷ்டம். கடைசியில் கேள்வித்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்தேன். எங்கள் கேள்வித்தாளில் பத்து 2 மார்க், ஐந்து 13 மார்க், ஒரு 15 மார்க் இருந்தது. பாஸாக எழுத்துத் தேர்வில் 100-க்குக் குறைந்தது 45 வேண்டியிருந்தது, காலேஜிலேயே போடும் இன்டர்னல் மார்க்கோடு சேர்த்து மொத்தத்தில் 50 வர வேண்டியிருந்தது. எனக்கு எழுத்துத் தேர்வில் 37. எட்டு மார்க்கில் போயிருக்கிறது.

ஒரு கேள்வியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் கண்ணைத் திறந்தது அதுதான். முதல் யூனிட்டில் வழக்கமாக வரும் 13 மார்க், குவாட்ராடிக் ஃபார்மை ஆர்த்தோகனல் டிரான்ஸ்ஃபர்மேஷன் மூலம் கனானிக்கல் ஃபார்முக்கு மாற்று, அதிலிருந்து ரேங்க், இண்டெக்ஸ், சிக்னேச்சர், நேச்சர் ஆகியவற்றைக் கண்டுபிடி. நான் மேட்ரிக்ஸை எழுதி, ஐகன் மதிப்புகள் 2, 3, 6 என்று சரியாகக் கண்டுபிடித்து, வெக்டர்கள் கண்டுபிடித்து, நார்மலைஸ் செய்து, கனானிக்கல் ஃபார்ம் வரைக்கும் கொண்டுவந்திருந்தேன், கிட்டத்தட்ட மூன்று பக்கம். அங்கே நின்றுவிட்டேன். மூன்று ஐகன் மதிப்பும் பாசிட்டிவ், ஆகவே ரேங்க் 3, இண்டெக்ஸ் 3, சிக்னேச்சர் 3, பாசிட்டிவ் டெஃபினிட் என்று இரண்டு வரி எழுதியிருந்தால் முடிந்தது, கணக்குப் போடவே வேண்டாம், பார்த்து எழுத வேண்டியதுதான். நான் படித்த நோட்ஸில் அந்தக் கணக்கு கனானிக்கல் ஃபார்மோடு முடிந்திருந்தது, மனப்பாடம் செய்த இடத்தில் கையும் நின்றுவிட்டது. கேள்வியின் கடைசி வரியை நான் படிக்கவே இல்லை.

அப்புறம் ஒரு தாளை எடுத்து, போன ஒவ்வொரு மார்க்கும் எதனால் போனது என்று பிரித்து எழுதினேன். பாடமே தெரியாமல் விட்டது ஒரு பக்கம். தெரிந்தும் முடிக்காமல் விட்டது, கேள்வியைச் சரியாகப் படிக்காதது, கூட்டல் கழித்தலில் குறி மாறிப் போனது, நேரம் போதாமல் கடைசி 15 மார்க்கைத் தொடாமலே விட்டது என்று மீதி எல்லாம் தனித்தனியாக. பிரித்துப் பார்த்தால் பாடம் தெரியாமல் போனதைவிட மற்றவற்றில் போனதுதான் அதிகம். அதாவது அந்த 8,000 ரூபாய் கோர்ஸ் எனக்கு இல்லாத வியாதிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு தாள் கையில் வந்த பிறகுதான் லீவில் என்ன செய்ய வேண்டும் என்பதே தெரிந்தது. அரியர் இல்லாதவர்களும் இதைச் செய்யலாம், குறைந்த கிரேடு வந்த பேப்பரில் ஒன்றை வாங்கிப் பாருங்கள். நகல் வாங்க முடியாவிட்டால் இன்டர்னல் டெஸ்ட் பேப்பர்களை வைத்தாவது பாருங்கள், அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மறுமதிப்பீட்டுக்குப் போடலாமா என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு முன்னால் உங்கள் துறையிலோ கணக்குத் துறையிலோ ஒருவரிடம் நகலைக் காட்டுங்கள். எங்கள் மேடம் பார்த்துவிட்டு, திருத்தியது சரிதான், இதற்கு மேலே பணம் செலவு செய்யாதே என்று நேராகச் சொன்னார். அந்தப் பணம் தப்பித்தது.

படிக்கும் முறையை எப்படி மாற்றினேன் என்று சொல்கிறேன். தீர்த்து வைத்த கணக்கை ஒரு முறை கவனமாகப் பார்ப்பேன், நோட்டை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் முதலிலிருந்து போடுவேன். நிற்கிற இடத்தில் ஒரு சுழி போட்டு, அந்த ஸ்டெப்பை மட்டும் திறந்து பார்த்து, மறுபடி மூடிவிடுவேன். அதே கணக்கை அடுத்த நாள் எண்ணை மாற்றிப் போடுவேன், பிறகு ஒரு வாரம் கழித்து. செய்வதற்கு எரிச்சலாக இருக்கும், ஏனென்றால் சும்மா படிக்கும்போது வருகிற 'எல்லாம் தெரியும்' என்ற சுகம் இதில் வராது, தெரியாதது மட்டும்தான் முகத்தில் அடிக்கும். 2006-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த டெஸ்டில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்துவிட்டு மூடி வைத்து ஞாபகப்படுத்தி எழுதியவர்கள்தான் முந்தினார்கள். செமஸ்டர் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே. ராத்திரி வரை படித்துவிட்டுத் தூங்கப் போகும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருந்ததும், ஹாலில் காணாமல் போனதும் ஏன் என்று அதைப் படித்தபோது விளங்கியது. நம் மூளையில் கோளாறு இல்லை என்று தெரிந்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்குத் தனியாக ஒன்று. பிளஸ் டூ தமிழ் வழிக் கணக்குப் புத்தகத்தை எடைக்குப் போட்டிருந்தால் பாடநூல் கழகத்தின் இணையதளத்திலிருந்து திரும்ப இறக்கிக்கொள்ளுங்கள், காசு கிடையாது. அதில் முதல் பாடமே அணிகள்தான். நேர்மாறு அணி, அணியின் தரம், காஸ் நீக்கல் முறை எல்லாம் அங்கேயே இருக்கிறது. பகுதி வகைக்கெழு ஒரு பாடமாக இருக்கிறது, வரையறுத்த தொகை இருக்கிறது. மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸில் பாதிக்கு அஸ்திவாரம் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், ஆங்கிலப் பெயர்களில் வந்ததால் புதுசு என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். ஒரு பழைய நோட்டில் இடது பக்கம் ஆங்கிலப் பெயர், வலது பக்கம் நம் புத்தகத்தில் இருந்த பெயர், கீழே ஒரு சின்ன உதாரணம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில், பழைய கேள்வித்தாள்களில் வரும் வெரிஃபை, டெரைவ், டிஸ்டிங்குஷ், ஹென்ஸ் ஃபைண்ட் போன்றவற்றை எழுதி, ஒவ்வொன்றுக்கும் விடையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று குறித்தேன்.

இன்னொன்று, தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. அம்மா மத்தியானத்தில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பார், பக்கத்தில் உட்கார்ந்து தெவனின் தியரத்தை அவருக்குச் சொல்வேன். எவ்வளவு சிக்கலான சர்க்யூட்டாக இருந்தாலும் வெளியே இரண்டு முனையிலிருந்து பார்த்தால் ஒரு பேட்டரியும் ஒரு ரெசிஸ்டரும் மாதிரிதான் நடந்துகொள்ளும் என்று ஆரம்பிப்பேன். அம்மா ஐந்தாவதோடு நின்றவர். "உள்ள இருக்கறது எல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் உள்ளே போய்ப் படித்துவிட்டு வந்தேன். அந்தக் கேள்வியைத் தேர்வில் யாரும் கேட்கப் போவதில்லை, ஆனால் அதற்குப் பதில் தெரிந்த பிறகு சர்க்யூட்டை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் கை நடுங்கவில்லை. தமிழில் விளக்க முடிந்ததும் உடனே அதை ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி எழுதிவிட வேண்டும், இதை விட்டுவிடாதீர்கள், தேர்வு ஆங்கிலத்தில்தான்.

நேரத்துக்கு ஒரு கணக்கு. மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம். 2 மார்க் பத்துக்கும் சேர்த்து 30, ஒவ்வொரு 13 மார்க்குக்கும் 22 வீதம் 110, 15 மார்க்குக்கு 25, மொத்தம் 165. மீதி 15 நிமிடம் குறி மாறிய இடங்களைத் தேட. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் ஏறி, பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, போனைக் கீழே கொடுத்துவிட்டு முழுசாக எழுதினேன். முதல் முறை மூன்று மணி நேரத்தில் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் ஓடியது. 22 நிமிடம் ஆனதும் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகுவதுதான் ரொம்பக் கஷ்டம், மனசு வராது. வீட்டிலேயே பழகாவிட்டால் ஹாலில் நிச்சயம் வராது.

லீவு என்றால் படிப்புக்காக விட்டது என்று வீட்டில் யாரும் நினைக்க மாட்டார்கள், பெண் பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் படிப்பேன் என்று டைம்டேபிள் போட்டு ஒட்டுவது வீண். ஒரு நாள் கல்யாணம், ஒரு நாள் சொந்தக்காரர்கள் வருகை, டைம்டேபிள் உடைந்துவிடும், உடைந்ததும் மொத்தமாக விட்டுவிடுவோம். எனக்கு நிலைத்தது விடியற்காலை ஒன்றரை மணி நேரம், மத்தியானம் அம்மாவோடு அரை மணி நேரம். அவ்வளவுதான். வருகிற செமஸ்டர் பாடங்களை முன்கூட்டியே படித்து முடிக்கவும் முயற்சி செய்யாதீர்கள். சிலபஸை மட்டும் பார்த்து, இதற்கு முன்னால் எது தெரிந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். எனக்கு ஈசிஇ-யில் மூன்றாவது செமஸ்டரில் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் வந்தது, அதற்குக் கலப்பெண்களும் பகுதித் தொகையிடலும் கையில் இருக்க வேண்டியிருந்தது. ரேண்டம் ப்ராசஸஸ் அண்ட் லீனியர் அல்ஜீப்ராவில் அணிகள் மறுபடி வந்தன. நான் அரியருக்குப் போட்ட உழைப்பு அங்கேயும் உதவியது.

அடுத்த தேர்வில் கணக்கும் சர்க்யூட் அனாலிசிஸும் இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவது செமஸ்டரில் ஒரு பேப்பரில் திணறினேன், அது வேறு கதை, அதற்கும் அதே மாதிரி நகல் வாங்கிப் பிரித்துப் பார்த்துத்தான் சரி செய்தேன். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கேம்பஸ் இன்டர்வியூவில் சில கம்பெனிகள் இப்போது அரியர் இல்லாவிட்டால் போதும் என்கின்றன, சில கம்பெனிகள் எப்போதாவது அரியர் வைத்திருந்தால்கூட உள்ளே விடுவதில்லை. எனக்கு அப்படி இரண்டு கம்பெனிகளில் வாசலிலேயே நின்றுவிட்டது. அதனால் ஒரு அரியர்தானே, கடைசி வருடத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், முதல் ரிசல்ட் வந்த உடனேயே பாருங்கள்.

நகலுக்கு விண்ணப்பிக்க ரிசல்ட் வந்த பிறகு கொஞ்ச நாள்தான் அவகாசம் கொடுப்பார்கள். லீவில் ஊரில் இருந்தால் அந்தச் சுற்றறிக்கை உங்கள் கண்ணில் படாமலே போகலாம். ரிசல்ட் வரும் நாளிலேயே காலேஜ் தேர்வுப் பிரிவுக்குப் போன் போட்டுக் கடைசித் தேதி என்ன, எவ்வளவு கட்ட வேண்டும், நேரில் வர வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். நகல் வந்ததும் தனியாகத் திறக்கப் பயமாக இருந்தால், அதே பேப்பர் போன ஒரு தோழியையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவள் பேப்பரை நீங்கள் பிரித்துக் கொடுங்கள், உங்களுடையதை அவள் பிரிக்கட்டும்.